என்சிக்குக்கு என்ன வேலை?

சிங்கப்பூரில் ‘முன்னாள் ராணுவத்தினர்’ என்று தனிக்கூட்டம் எதுவும் கிடையாது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடியில் மத்தியானம் ஒரு மணிக்குச் சுற்றிப் பாருங்கள். கோப்பி கலக்குகிறவர், தட்டு எடுக்கிறவர், டை கட்டிக்கொண்டு வான்டன் மீ சாப்பிடும் வங்கிக்காரர், பக்கத்துச் சதுக்கத்தில் சீனச் சதுரங்கம் ஆடும் பெரியவர்களின் மகன்கள், பேரன்கள் என்று இந்த ஊர் ஆண்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பச்சைச் சீருடைக்குள் நுழைந்தவர்கள். ராணுவத்தில் இருந்தேன் என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவரும் அங்கிருந்துதான் வந்திருப்பார். கேள்வி கேட்பவரும் பெரும்பாலும் அப்படியே.

அதனால் ராணுவத்துக்குப் பிறகு என்ன வேலை என்ற கேள்விக்கு இங்கே மூன்று விதமான பதில் இருக்கிறது. இரண்டு வருடத் தேசிய சேவை முடித்து ‘ஓஆர்டி’ ஆகி வரும் இருபத்தொரு, இருபத்திரண்டு வயதுப் பையனுக்குச் சட்டம் துணை நிற்கிறது. நாற்பதுகளில் விடைபெறும் ஜெனரலுக்கு அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் நாற்காலி போட்டு வைக்கின்றன. நடுவில் நிற்பவர் என்சிக். முகாமில் வாரண்ட் ஆபீசரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் யாராக இருந்தாலும் என்சிக்தான். புதிதாக வந்த லெப்டினண்டுக்குக் கட்டளையிடும் அதிகாரம் உண்டு, ஆனால் எதை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர் என்சிக். இருபத்தைந்து, முப்பது வருடம் அப்படி இருந்துவிட்டு ஐம்பதுகளில் வெளியே வரும் அவரைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆணியும் பிள்ளையும்

சைனாடவுனில் இருந்து இதைத் தொடங்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கிரேத்தா ஆயர் தொகுதியின் உறுப்பினராக 1959 முதல் 1984 வரை இருந்தவர் கோ கெங் சுவீ. தற்காப்புப் பொறுப்பை முதலில் ஏற்றவரும் அவரே. தேசிய சேவைச் சட்டத் திருத்தத்தை 1967 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அவருக்கே ராணுவ அனுபவம் என்று இருந்தது, போருக்கு முன் சிங்கப்பூர்த் தொண்டர் படையில் கார்ப்பரலாக இருந்ததுதான்.

அந்த மார்ச் 28 தொடங்கி ஏப்ரல் 18 வரை முதல் பதிவு நடந்தது. 1949ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் பிறந்த சுமார் 9,000 இளைஞர்கள் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பத்தில் ஒருவர்தான் முழுநேரப் படைக்கு அழைக்கப்பட்டார். மற்றவர்களுக்கு மக்கள் தற்காப்புப் படை, சிறப்புக் காவல் படை போன்ற பகுதிநேரப் பணி.

சைனாடவுன் பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல இரும்பை ஆணி செய்யமாட்டார்கள், நல்ல பிள்ளை சிப்பாய் ஆகமாட்டான் என்று சீனத்தில் பழமொழியே உண்டு. அதைவிடப் பெரிய கவலை பிழைப்பு. கடையில், பட்டறையில், துறைமுகத்தில் தலையெடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கும் வயதில் பையனைக் கூட்டிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது அவன் இடம் அங்கே இருக்குமா?

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதினார்கள். சேர்க்கைச் சட்டத்தின்படி, வேலையில் இருப்பவர் சேவைக்குப் போனால் முதலாளி விடுப்பு தரவேண்டும், முடித்து வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளவேண்டும். சேவைக்குப் போகிறான் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம். பிறகு ஆண்டுதோறும் வரும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கும் இதே பாதுகாப்பு. ஆண்டுக்கு நாற்பது நாள் வரை கூப்பிடலாம், சாதாரணப் படையாளுக்கு நாற்பது வயது வரை, ஆபீசருக்கு ஐம்பது வரை. பையன் முகாமில் இருக்கும் நாட்களில் அவன் சம்பளத்துக்கும் படைப்படிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஈடுகட்டுகிறது. உலகத்தில் பல நாடுகள் ராணுவத்தை முதலில் கட்டிவிட்டு வேலை உரிமையைப் பிறகு யோசித்தன. இங்கே இரண்டையும் சேர்த்தே யோசித்தார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் சட்டம் காப்பது ஏற்கனவே வேலையில் இருப்பவனை. வேலை தேடுகிறவனை அது எட்டுவதில்லை. இதன் கசப்பு மலாய் இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். தேசிய சேவையின் முதல் பத்தாண்டில் அவர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவே இல்லை, விலக்கு என்றும் எழுதித் தரப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரக்கூடிய ஒருவனுக்குப் பயிற்சி கொடுத்து எடுக்க முதலாளிகள் தயங்கினார்கள். சேவை முடித்தவருக்கே முதலிடம் என்று விளம்பரம் வந்த காலம் அது. ராணுவத்துக்குப் போகாததால் வேலை கிடைக்காமல் போனவர்கள் அவர்கள்.

இன்றைக்கு ஓஆர்டி ஆகும் பையனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பல்கலைக்கழகத்தில் இடம் காத்திருக்கும், பாலிடெக்னிக் பட்டயம் கையில் இருக்கும், தொழிற்சங்கக் காங்கிரசின் வேலைவாய்ப்புக் கழகம் முகாம்களோடு சேர்ந்து வேலைச் சந்தை நடத்தும். ராணுவ லாரி ஓட்டியவர் அந்த உரிமத்தைச் சாதாரண உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். 2018இல் சைபர் பாதுகாப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். அதில் சேர்கிறவர் சேவை செய்துகொண்டே படிப்பையும் தொடரலாம். அவன் குறை வேறு மாதிரி. கூடப் படித்த பெண் இரண்டு வருடம் முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்து சீனியராக உட்கார்ந்திருப்பாள். அரசாங்க வேலையில் சேவை ஆண்டுகளைச் சம்பளத்தில் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள், தனியார் துறையில் அது முதலாளி மனசு. ஆண்டுதோறும் ரிசர்விஸ்ட் கடிதம் வராத வெளிநாட்டுக்காரரை எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்ற முணுமுணுப்பு 2011 பொதுத்தேர்தல் சமயத்தில் மேடை ஏறியது. உள்ளூர்க்காரர்களை முதலில் பரிசீலிக்கவேண்டும் என்ற கட்டமைப்பு 2014இல் நடப்புக்கு வந்தது. இரண்டுக்கும் இடையில் உறவே இல்லை என்று சொல்வது கடினம்.

கப்பல்தளம் மூடியபோது

படையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு ஒட்டுமொத்தமாக வேறு வேலை தேடித்தந்த அனுபவம் இந்த ஊருக்கு ஒருமுறை வாய்த்தது. அதில் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை 1971 முடிவுக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பிரிட்டிஷ் தளங்களின் செலவு நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நேரடியாக 30,000 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள், அவர்களை நம்பி இன்னும் 40,000 பேர் என்று லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்பில் கணக்குச் சொல்கிறார். செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றித் தமிழும் மலையாளமும் ஒலித்த குடியிருப்புகள் எல்லாம் ஒரு அறிவிப்பில் ஆட்டம் கண்டன.

அந்த ஆட்கள் சிப்பாய்கள் இல்லை, சிவில் ஊழியர்கள். ஆனாலும் அவர்கள் வாழ்ந்தது ராணுவ ஒழுங்கில்: சங்கு ஊதினால் வேலை, தரத்துக்கேற்ற குடியிருப்பு, வெள்ளைக்கார மேலாளர். தளங்களை மாற்றியமைக்கத் தனித் துறை ஒன்றை அரசு அமைத்தது, மறுபயிற்சி வகுப்புகள் நடந்தன. 1968 முடியும்போது கப்பல் பழுதுபார்ப்புத் துறை செம்பவாங் ஷிப்யார்டு என்ற வணிக நிறுவனமாகிவிட்டது. ஒரே இடம், ஒரே கிரேன், அதே வெல்டர். போர்க்கப்பல் போய் எண்ணெய்க்கப்பல் வந்தது. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் மாற்றம் சுலபம். அவர்கள் கைத்தொழிலுக்கு வெளியிலும் அதே பெயர், அதே அளவுகோல். ஸ்டோர்கீப்பர்களும் குமாஸ்தாக்களும்தான் தடுமாறினார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது அந்தத் தளத்தின் நடைமுறை. அது மூடியவுடன் அந்த அறிவுக்கு வாங்குபவர் இல்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் என்சிக்கின் நிலைமை பாதி புரிந்துவிடும்.

ஜெனரல்களின் நாற்காலி

முதலில் மேல்தட்டைப் பார்த்துவிடலாம், அது சுருக்கமாக முடியும் கதை. லீ சியன் லூங் பிரிகேடியர் ஜெனரலாக 1984இல் படையை விட்டு அரசியலுக்கு வந்தார், பிரதமரானார். ஜார்ஜ் இயோ, தியோ சீ ஹியன், லுய் டக் இயூ, சான் சுன் சிங் என்று அந்த வரிசை நீளும். அமைச்சரவைக்கு வராதவர்கள் நிறுவனங்களுக்குப் போனார்கள். முப்படைத் தளபதியாக இருந்த டெஸ்மண்ட் குவெக் 2012இல் எஸ்எம்ஆர்டி ரயில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியானார். அவர் போனபின் 2018இல் அதே நாற்காலிக்கு வந்தவரும் முன்னாள் முப்படைத் தளபதி, நியோ கியன் ஹோங். இன்னொரு முன்னாள் தளபதி இங் யட் சுங் நெப்டியூன் ஓரியன்ட் லைன்ஸ் கப்பல் நிறுவனத்தை நடத்தினார். அது 2016இல் பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கைமாறியது. பிறகு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸுக்கு வந்தார். நம் தமிழ் முரசும் அப்போது அவர் கூரையின் கீழ்தான் இருந்தது.

இவர்களை முன்கூட்டியே விடுவிப்பது திட்டமிட்ட ஏற்பாடு. 1970களின் தொடக்கத்திலிருந்து படை உதவித்தொகையில் நல்ல மூளைகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பி, இளம் வயதிலேயே மேலே ஏற்றி, நாற்பதுகளில் வெளியே விட்டால் அடுத்தவருக்கு வழி கிடைக்கும், நாட்டுக்கும் ஒரு நிர்வாகி கிடைப்பார் என்பது கணக்கு. ரயில் நின்ற நாட்களில் எல்லாம் பயணிகள் அந்தக் கணக்கைச் சபித்தார்கள். 2017 அக்டோபரில் பீஷான் அருகே சுரங்கப்பாதையில் தண்ணீர் புகுந்தது. அடுத்த மாதமே ஜூ கூனில் ரயிலின் மீது ரயில் மோதியது. ‘பேப்பர் ஜெனரல்’ என்ற கேலி அப்போது காப்பிக்கடைகளில் தாராளமாகப் புழங்கியது. கேலியில் நியாயம் இருக்கிறதா என்பது ஒருபுறம். அந்த ஜெனரல்களில் யாரும் தம் பழைய வேலையைப் பிறருக்கு விளக்கவேண்டிய நிலையில் இருந்ததில்லை. தோளில் இருந்த நட்சத்திரமே சான்றிதழ்.

“எந்தக் கம்பெனி, சார்?”

சவுத் பிரிட்ஜ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அலுவலகக் கட்டடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறார் அவர். தமிழர், ஐம்பதுகளின் பின்பாதி. பெயர் போடவேண்டாம் என்றார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையவில்லை, ஷூவில் முகம் பார்க்கலாம். கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

“தம்பி, ரெஸ்யூமேல கடைசியாப் பாத்த வேலைன்னு ‘சிஎஸ்எம்’னு போட்டிருந்தேன். எச்ஆர்ல சின்னப் பொண்ணு. ‘கஸ்டமர் சர்வீஸ் மேனேஜரா சார்?’னு கேட்டுச்சு. இல்லம்மா, கம்பெனி சார்ஜன்ட் மேஜர்னேன். ‘எந்தக் கம்பெனி, சார்?’னு கேட்டுச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கம்பெனி சார்ஜன்ட் மேஜர் என்றால் நூற்றுக்கு மேற்பட்ட பையன்களுக்குத் தகப்பன், போலீஸ், கணக்குப்பிள்ளை எல்லாம் ஒருவரே. துப்பாக்கிச் சுடுதளத்தில் ஒரு தோட்டா கணக்கில் குறைந்தால் அது கிடைக்கிற வரை யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. லாரி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்ன, எந்தப் பையனுக்கு ஆஸ்துமா, எவன் காதல் தோல்வியில் சாப்பிடாமல் இருக்கிறான் என்று எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நடுராத்திரி போன் செய்யும் அம்மாக்களுக்கும் அவரே பதில் சொல்லவேண்டும். வெளி உலகத்தில் இதை ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்கிறார்கள், பாதுகாப்பு அதிகாரி என்கிறார்கள், மனிதவளம், தளவாடம், பயிற்சி என்று ஐந்து துறையாகப் பிரித்து ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட இவரிடம் வெளியில் செல்லுபடியாகும் தாள் இல்லை.

செம்பவாங் ஸ்டோர்கீப்பரின் கதைதான் மறுபடியும். விமானப்படையில் எஞ்சின் பார்த்தவரும் கடற்படையில் மின்சாரம் பார்த்தவரும் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. சாங்கி பக்கம் விமானப் பராமரிப்புக் கூடங்களும் துவாஸ் கப்பல் பட்டறைகளும் அவர்கள் பேசும் பாஷையையே பேசுகின்றன. தடுமாறுகிறவர் காலாட்படைக்காரர். ஆட்களை நடத்துவது அவர் தொழில். அதற்கு உரிமம் கிடையாது.

தற்காப்பு அமைச்சுக்கு இது தெரியாமல் இல்லை. வேலை மாற்றத்துக்கென்றே ஒரு வளநிலையம் வைத்திருக்கிறார்கள். ரெஸ்யூமே எழுதச் சொல்லித்தருகிறார்கள், நேர்முகத் தேர்வுக்குப் பழக்குகிறார்கள். ராணுவப் பயிற்சிகள் சிலவற்றுக்குத் தேசியத் திறன் தகுதிச் சான்றும் கிடைக்கிறது. நாற்பதைத் தாண்டிய எல்லாச் சிங்கப்பூரர்களுக்கும் 2024இல் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இவர்களுக்கும் உண்டு. பணியில் இருந்த ஆண்டுகளுக்குச் சேமிப்புத் திட்டம் ஒன்றும் கைகொடுக்கும். ஆனால் கால அட்டவணை ஒத்துவரவில்லை. ஆபீசர் ஐம்பதை ஒட்டியும் வாரண்ட் ஆபீசர்கள் பலர் ஐம்பதுகளின் நடுவிலும் வெளியே வந்துவிடுகிறார்கள். நாட்டின் சட்டபூர்வ ஓய்வு வயதோ 2022இல் 63 ஆகி, 2026 ஜூலையிலிருந்து 64. மத்திய சேமநிதியின் மாதத் தொகை 65இல்தான் தொடங்கும். மற்றவர்கள் உச்சத்தில் சம்பாதிக்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் இவர் புதிதாகத் தொடங்குகிறார். அதுவும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சமயத்தில்.

எங்கே போகிறார்கள்? பள்ளிக்கூடங்கள் நிறையப் பேரை எடுக்கின்றன. கட்டடம், விளையாட்டுத் திடல், சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம், தீயணைப்புப் பயிற்சி எல்லாம் பார்க்கும் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலை முன்னாள் படைக்காரருக்கென்றே தைத்த சட்டை. தலைமையாசிரியர்களுக்கும் அது தெரியும். கொண்டோ நிர்வாகம், கட்டுமானத் தளங்களில் வேலையிடப் பாதுகாப்பு, தளவாடக் கிடங்கு, பேருந்து, டாக்சி என்று மற்றவர்கள் பிரிகிறார்கள். மீதிப் பேருக்குப் பாதுகாப்பு நிறுவனங்களின் கதவு எப்போதும் திறந்திருக்கும்.

“நான் அம்பது இடத்துக்குப் போட்டேன்னெல்லாம் சொல்லமாட்டேன் தம்பி, போட்டது கொஞ்சந்தான். கேக்கப் பழக்கமில்ல. முப்பது வருசம் யார்கிட்டயும் வேலை கேக்கல பாருங்க, பதவி உயர்வு வந்தா கடுதாசி வரும். என்னை நானே புகழ்ந்து பேசணும்னு கோர்ஸ்ல சொன்னாங்க. அதுக்கு வாயே வரல,” என்றார்.

அவருடைய இப்போதைய வாடிக்கையாளர், அதாவது கட்டடத்தின் நிர்வாகி, ஒரு காலத்தில் இவர் படைப்பிரிவில் பயிற்சி எடுத்த பையன். சிங்கப்பூர் சின்ன ஊர், இது அடிக்கடி நடக்கும். அவர் இவரை என்சிக் என்கிறார், இவர் அவரைச் சார் என்கிறார். அதில் இவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தம் வேறு: திறமை அறிக்கை எழுதவேண்டிய இடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துதான் வாங்குகிறார்கள்.

சிப்பாயும் ஜாகாவும்

சிப்பாய் வேலை முடிந்தால் காவல் வேலை என்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய பழக்கம். 1819இல் ராஃபிள்ஸ் கரையிறங்கியபோதே இந்தியச் சிப்பாய்கள் கூட வந்தார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பிறகு இங்கே மாறிமாறித் தங்கின. இன்றைய பொது மருத்துவமனை இருக்கும் ஊட்ரம் பகுதிக்குச் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்றே பெயர். அதை ஒட்டிய பேர்ல்ஸ் ஹில் குன்றின்மேல் 1930களில் எழுந்த பெரிய குடியிருப்பு சீக்கியக் காவல் படைக்கானது. போருக்குப் பின் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர்களும் படையில் இடம் கிடைக்காதவர்களும் வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் காவல் நிற்கும் ஜாகா ஆனார்கள். ஐந்தடிப் பாதையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு இரவெல்லாம் கிடந்த அந்த ஜாகாக்களைச் சைனாடவுன் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. முதலாளி அவர்களிடம் வாங்கியது உயரத்தையும் தாடியையும்.

சீக்கியர் இடத்துக்கு 1949இல் கூர்க்காக்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை மாற்றம் என்ற சிக்கலே இந்த ஊரில் இல்லாதபடி விதி போட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் ஓய்வு, குடும்பத்தோடு நேபாளம் திரும்பவேண்டும். இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் கிளம்பவேண்டியதுதான். பிறகு அவர்களில் பலர் வேறு நாடுகளில் காவல் வேலைக்குப் போகிறார்கள்.

தமிழ்ச் சிப்பாய்க்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1943இல் பாடாங் திடலில் சுபாஸ் சந்திர போஸ் முன்னால் அணிவகுத்த இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, பதக்கமும் இல்லை. பால்மரம் சீவும் கத்தியைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அணிவகுத்துப் பழகிய கால்கள் கங்காணி முன்னால் வளைய மறுத்தன. கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்தது, தோட்டத்துரைகளை மிரளவைத்தது. அந்த ராணுவத்தில் பயிற்றுநராக இருந்த எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார், 1949இல் தூக்கிலிடப்பட்டார். ஜான்சி ராணிப் படையிலிருந்து வந்த ஜானகி ஆதி நாகப்பன் மலாயா இந்தியக் காங்கிரசின் தொடக்ககால உறுப்பினர், பிற்காலத்தில் செனட்டர். அதே படையின் ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, கோலாலம்பூரில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தார். ராணுவம் கற்றுத்தந்த ஒழுங்குக்கு வேலைச் சந்தையில் விலை இல்லாதபோது சங்கமும் பள்ளிக்கூடமும் அதை வாங்கிக்கொண்டன.

தமிழ்நாட்டில் கதை இன்னும் கூட்டமானது. இந்திய ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய் நாற்பது வயதுக்கு முன்பின்னாக ஊர் திரும்பிவிடுகிறார். பதினைந்து வருடம் முடித்திருந்தால் ஓய்வூதியம் உண்டு, அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கென்றே 1986இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் இருக்கிறது. அது பெரும்பாலும் தருவது காவலர் வேலைதான். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் கணக்கையே மாற்றிவிட்டது. நான்கு ஆண்டு சேவை, நால்வரில் ஒருவருக்குத்தான் தொடர இடம், மற்றவர்கள் ஓய்வூதியம் இல்லாமல் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்பவேண்டும். சிங்கப்பூர்ப் பையன் ஓஆர்டி ஆகும் அதே இருபதுகளில்தான் அந்தப் பையனும் வெளியே வருகிறான். ஒருவனுக்காகக் கல்லூரி காத்திருக்கிறது, மற்றவன் கல்லூரிக்குப் போகவேண்டிய வயதைப் படைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான்.

இலங்கையில் சான்றிதழே தடையானது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து சான்றிதழோடு விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் வேலை கொடுப்பவருக்குப் பயம், காட்டாவிட்டால் புலனாய்வுக்காரர் வந்து கேட்பார். பலருக்குக் கடைசியில் கிடைத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணை வேலை, அதாவது எதிர்த்துப் போரிட்ட அரசின் சம்பளம்.

ஆள் கணக்கும் வேலைக் கணக்கும்

சைனாடவுனுக்கே திரும்புவோம். பாதுகாப்புத் தொழில் இன்று கயிற்றுக் கட்டில் காலத்தது இல்லை. காவல்துறை உரிமம் இல்லாமல் யாரும் அந்தச் சீருடை போடமுடியாது, அதற்குப் பயிற்சி வகுப்பும் உண்டு. வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்குப் பன்னிரண்டு மணி என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் 2021இலிருந்து மாதத்துக்கு 72 மணிக்கு மேல் கூடுதல் நேரம் வாங்கக்கூடாது என்று விதி வந்தது. அடிப்படைப் பாதுகாவலரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. படிப்படியாக உயர்ந்து 2028இல் 3,530 வெள்ளி ஆகும்.

சம்பளம் உயர்வது நல்ல சேதிதான். ஆனால் முதலாளிகள் உடனே இரண்டு ஆளைக் குறைத்து நான்கு கேமரா வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அரசுத் துறைகள் 2020 மே முதல் தங்கள் ஒப்பந்தங்களில் ஆள் கணக்கை விட்டுவிட்டன. வாசலில் எத்தனை பேர் நிற்கவேண்டும் என்று கேட்பதில்லை. இந்தக் கட்டடத்தில் என்னென்ன நடக்கக்கூடாது, நடந்தால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்வீர்கள், எப்படி என்று எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள்.

எழுதிக்கொடுக்கவேண்டியது என்ன என்று பார்த்தால், இடத்தைச் சுற்றிப் பார்த்து அபாயங்களைப் பட்டியலிடுவது, கையில் இருக்கும் ஆளையும் கருவியையும் பங்கிடுவது, ஒன்று தவறினால் அடுத்தது என்ன என்று முன்கூட்டியே தீர்மானிப்பது, பிறகு அதை இருபது வயதுக்காரனும் அறுபது வயதுக்காரனும் ஒரே மாதிரி செய்யப் பழக்குவது. ஒவ்வொரு வெளிக்களப் பயிற்சிக்கும் முன்னால் என்சிக் செய்துவந்தது இதைத்தான்.

இதைச் சொன்னதும் அவர் கோப்பியைத் தள்ளிவைத்தார்.

“அந்தப் ப்ரொபோசலை எங்க ஆபீஸ்ல யார் எழுதுறாங்க தெரியுமா? சேல்ஸ்ல ஒரு பையன். இடத்தைப் பாக்கவே வரல. கூகுள் மேப் பாத்து எழுதினான். பின்வாசல்ல மழைத்தண்ணி தேங்குறது, ராத்திரி ரெண்டு மணிக்கு மீன் லாரி வந்து வழியை மறிக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்? நானே ஒண்ணு எழுதிக்கொடுத்தேன், மூணு பக்கம், படம் போட்டு.”

“என்ன சொன்னாங்க, அண்ணே?”

“இங்கிலீஷ் கொஞ்சம் ஆர்மி மாதிரி இருக்குன்னாங்க. ஆனா டெண்டர் கெடச்சிருச்சு. இப்ப அடுத்த கட்டடத்துக்கும் என்னையே போய்ப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. சம்பளத்தப் பத்தி இன்னும் பேசல. இந்த வாட்டி கேக்கப்போறேன்.”

படை தன் பங்குக்கு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைப்பேறு குறைந்துவிட்டதால் 2030க்குள் தேசிய சேவைக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று தற்காப்பு அமைச்சே சொல்லியிருக்கிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களை அறுபது வயது வரை வைத்துக்கொள்ளும் திட்டம் ஏற்கனவே நடப்பில் இருக்கிறது. காலாட்படை என்சிக்குக்கும் அது நீளுமானால், ஐம்பத்தைந்தில் ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொள்ளும் தொல்லை அடுத்த தலைமுறைக்கு இருக்காது. இப்போது முகாமில் நாற்பதுகளில் இருக்கும் சார்ஜன்டுகள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், வேலையிடப் பாதுகாப்பு வகுப்புக்கும் கட்டட நிர்வாக வகுப்புக்கும் மாலை நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.